வெள்ளை வெளேர்னு ஒரு பொடி

எங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் குளத்துல வேலை. நீந்துற வேலை இல்ல, தண்ணியச் சுத்தம் பண்ற வேலை. அங்க வடிகட்டுற தொட்டியில கொட்டுறதுக்கு மூட்டை மூட்டையா ஒரு வெள்ளைப் பொடி வரும். டயட்டம் மண்ணுன்னு பேரு. கண்ணுக்கே தெரியாத பாசியோட ஓடெல்லாம் தண்ணிக்கடியில படிஞ்சு மண்ணாகி, அதை வெட்டி எடுத்து அரைக்கிறது. எங்க வெள்ளரிக் கொடியை வண்டு மொட்டையடிச்சுட்டு இருந்தப்ப, இந்த மண்ணைத் தூவுனா பூச்சி காஞ்சு செத்துடும்னு யாரோ சொன்னாங்க. "அட, நான் தினமும் கட்டி அழற பொடிதானே அது"ன்னு மறுநாளே ஒரு பை கொண்டு வந்துட்டார். அன்னைக்கு மனுஷனுக்கு இருந்த பெருமையைப் பாக்கணுமே.

நானும் தூவுனேன். கட்டி இருக்கக் கூடாதுன்னு சல்லடையில சலிச்சு, இலையைத் திருப்பி, முகத்தைக் கிட்ட வச்சு ஊதி ஊதித் தூவுனேன். வண்டுங்க பவுடர் பூசிக்கிட்டு ஜோரா ஊர் சுத்துச்சு. ஒண்ணுகூடச் சாகல.

எரிச்சல் தாங்காம விதைக் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா அதே பேரு போட்ட வேற ஒரு பையை எடுத்துப் பிரிச்சாங்க. உள்ள பொடி மங்கலா, அழுக்கு நிறத்துல இருந்துச்சு.

"என்னக்கா இது? எங்க வீட்டுல இருக்குறது வெள்ளை வெளேர்னு இருக்கு. இதைப் போயி நல்ல சரக்குங்கறீங்க?"

"வெள்ளையா? எங்க வாங்குனே?"

"வாங்கல. நீச்சல் குளத்துல போடுறது. அவர் கொண்டு வந்தார்."

அக்கா கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சுட்டாங்க. "அடிப்பாவி. அது சூளையில சுட்டதுடி. மண்ணு ஒண்ணுதான், ஆனா சுட்டா குணமே மாறிடும். பூச்சி சாகாது. அந்தத் தூசி மூச்சுல போனா நுரையீரல்ல போயி உக்காந்துக்கும், லேசுல வெளிய வராது. தோட்டத்துக்குச் சுடாததுதான் வேணும், பூச்சிக்குன்னே பைமேல போட்டிருக்கும். அதைக்கூட மூக்கைக் கட்டிக்கிட்டுதான் தூவணும். பூமேல போட்டுடாத, தேனீ வரும்."

நுரையீரல் வரைக்கும்தான் என் காதுல விழுந்துச்சு. அந்தப் பையை வாங்கிக்கிட்டு வீடு வர்ற வழியெல்லாம் அவர் இருமல்தான் ஞாபகம். புருவமெல்லாம் வெள்ளையா வந்து நிப்பார். மாவு மில்லுக்கு மாறிட்டீங்களான்னு கேலி பண்ணுவேன். இருமல் ஏன்னு கேட்டா, குளத்துக் குளிர்ச்சிம்பார். நானும் வெந்நீர் வச்சுக் குடுத்துட்டு அடுத்த வேலையைப் பாப்பேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் பின்வாசப் படியில ரெண்டு பையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அக்கா சொன்னதுல காதுல விழுந்ததை ஒப்பிச்சேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"சரக்கை விக்கறதுக்கு அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. ரெண்டுலயும் ஒரே பேருதானே போட்டிருக்கு?"

"பேரு ஒண்ணா இருந்தா குணமும் ஒண்ணா? அது கெடக்கட்டும், அங்க மூக்குக்குப் போட்டுக்க ஒண்ணும் தர்றதில்லையா?"

செருப்பைக் கழட்டுறதுல மும்முரமா இருந்தார். "தர்றாங்க. போட்டா மூக்குக்கண்ணாடில ஆவி படிஞ்சு ஒண்ணுமே தெரியல. ஆணியில மாட்டி வச்சிருக்கேன்."

அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. எனக்கு வந்த கோவத்துல கிறுக்கு மனுஷான்னு ஆரம்பிச்சு வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்தேன். அவர் சிரிச்சார். "விடு, எனக்குப் பழகிப்போச்சு. எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

அப்பதான் சுவர்ல சாய்ச்சிருந்த சல்லடையைப் பாத்தார். ஓரமெல்லாம் வெள்ளை.

"இதுல என்ன பண்ணுனே?"

"சலிச்சேன்."

"சலிச்சியா? மூக்கைக் கட்டிக்கிட்டா?"

"இல்ல."

சிரிப்பு போன எடம் தெரியல. படியிலயே உக்காந்துட்டார். "தூசியெல்லாம் அந்த மோட்டார் ரூம்ல இருக்குற எங்களுக்குத்தான்னு நெனச்சேன். திறந்தவெளில, உனக்குப் போயி…" என்னைக் கிட்ட இழுத்தார். "இருமல் இருக்கா உனக்கு? மூச்சு விடு, பாக்கலாம்." என் முதுகுல காதை வச்சுக் கேட்டார். இவர் என்ன டாக்டரா? ஆனா காதை எடுக்கவே இல்ல. அழுகையா வந்துச்சு.

"நாளைக்குப் போலாம். உன்னைக் காட்டணும்"னார்.

அதோட எழுந்து, தூசி கெளம்பாம மொதல்ல நனைச்சுடணும்னு குழாயைத் திறந்து பாத்தி முழுக்கத் தண்ணி அடிச்சார். தோள்ல கெடந்த துண்டை என் மூக்குல சுத்திக் கட்டிட்டு, கிட்ட வராதேன்னுட்டார். அவர் மூக்குல ஒண்ணும் இல்ல. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்னார். தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல, தோள் மட்டும் குலுங்கிக்கிட்டே இருந்துச்சு.

நான் போயி குழாயை மூடுனேன். அவர் இருமல் நிக்கல.