முன்கூட்டியே அச்சான நிலா

எட்டாம் மாதத்துப் பௌர்ணமியன்று நிலா பார்க்காதவனை ஜப்பானின் எடோ நகரத்தில் மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சோயா சாஸ் வியாபாரி தொகுஎமொன் ஒரு படி மேல். நிலா வருவதற்கு முன்பே பார்த்து முடித்துவிட்டார்.

கவிதைச் சங்கத்துக்குத் தலைவரானதும் ‘நிலவின் தோழன்’ என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டவர் அவர். மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்க நாளாகும் என்று கோடையிலேயே படத்துக்குச் சொல்லிவைத்தார். வானம் முழுக்கப் பூவின் சாற்றில் எடுத்த நீலம். நிலா மட்டும் சாயம் படாமல் விட்ட வெறும் தாள். ஓரத்தில் அவர் கவிதை: ‘இன்றிரவு நிலவைக் கண்டேன், கண்ணீரில் அங்கியின் கை நனைந்தது.’

எதிர்ச் சங்கத்தார் முந்திவிடக் கூடாதே! பௌர்ணமி மத்தியானமே படம் வீடு வீடாகப் போய்விட்டது. மாலையில் கவிதை நடுவர் கென்சாய் வருவதாக ஏற்பாடு. அவர் தலையசைத்தால் ஆண்டுத் தொகுப்பில் இடம்.

சாயங்காலம் பிடித்தது மழை. விருந்தாளிகள் சொட்டச் சொட்ட வந்தார்கள், ஆளுக்கொரு படத்தோடு.

"தலைவரே, உங்க நிலா எந்தப் பக்கம் நிக்குது? எங்க தெருவுல காணோமே!" என்றார் மீன் வியாபாரி.

"கை நனைஞ்சது மட்டும் நெசம்ப்பா," என்றார் இன்னொருவர், அங்கியைப் பிழிந்துகொண்டே.

தொகுஎமொனின் காது சிவந்தது. "நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேகம் விலகுச்சு. இந்தக் கண்ணால பார்த்தேன்."

அரிசி உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி ஒசாயோ நிமிர்ந்தாள். "எப்பங்க? கூரை ஒழுகுதுன்னு வாளியப் பிடிச்சுக்கிட்டுல்ல நின்னீங்க?"

ஒரே சிரிப்பு. கென்சாய் மட்டும் சிரிக்கவில்லை. தன் படத்தை விரித்தார். வழியில் நனைந்து, நீலம் கரைந்து, நிலா இருந்த இடமே தெரியவில்லை.

"நீங்க நிஜமாப் பார்த்திருந்தா கவிதையைத் தொகுப்புல சேர்த்துடறேன்," என்றார் கனிவாக. "பார்த்தீங்களா?"

கேலி செய்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

தொகுஎமொன் எழுந்தார். மாடத்தில் மாட்டியிருந்த தன் பிரதியைக் கழற்றி, தாழ்வாரத்துக்கு வெளியே மழையில் நீட்டிப் பிடித்தார். நீலம் கரைந்து, நிலாவை மூடி, அவர் கையில் வழிந்தது.

கழுவினால் போகிற சாயம்தான். ஆனாலும் உருண்டை தின்னக்கூட அன்று அவர் அந்த நீலக் கையை அங்கிக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை.