ஆறு புள்ளி வேண்டாம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக் கேட்டதில் பிறந்தது. நெரிமாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் உணவகம். ஒருமுறை காசு கொடுத்தால் மதியம் முழுக்க நாமே போய் நாமே நிரப்பிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம். ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எழுதுகிறேன் பேர்வழி என்று நான் அங்கேதான் பழிகிடப்பேன். அடுத்த மேஜையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மாங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதையின் பக்கங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு பேசுவார்கள். நான் எழுதிக் கிழித்ததைவிட அவர்கள் பேச்சு நன்றாக இருந்தது. திருடிவிட்டேன்.

பெயர்கள் மட்டும் நான் வைத்தவை. அவள் ஷிஹோ, காதல் சித்திரக்கதை வரைகிறவள். அவர் குசாகா, அவளுடைய தொடரைப் பார்த்துக்கொள்ளும் பத்திரிகை ஆசிரியர்.

2.

முதல் தொடக்கம்: "வெளியே மழை. ஷிஹோவின் கண்களிலும்—"

(அடித்துவிட்டேன். அன்று சுள்ளென்று வெயில். அவள் கண்ணில் தூசிகூட இல்லை.)

இரண்டாவது: "அவள் நெஞ்சுக்குள் ஓர் எரிமலை—"

(ஐயோ, வேண்டாம்.)

மூன்றாவது: ஷிஹோவுக்குக் குசாகா மேல் காதல்.

பார்த்தீர்களா, தவளை தன் வாயால் கெட்ட கதையை! எட்டு வருடமாக அவள் மூச்சுவிடாததை நான் ஒரே வரியில் போட்டு உடைத்துவிட்டேன். அடக்கத்தைப் பற்றிக் கதை எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் கிடைக்கமாட்டான். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். நானோ காலிக் குடத்தோடே தளும்புகிறவன்.

3.

விஷயம் இதுதான். குசாகாவின் அம்மா தூரத்து எஹிமே மாகாணத்தில் ஆரஞ்சுத் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். பழம் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். குசாகா வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவதாக முடிவு செய்தார். முடிவு என்றா சொன்னேன்? போன மாதம் இதே மேஜையில் அவர் கேட்டது:

"சென்செய், அடுத்த தொடருக்கும் நான் இருக்கணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துடறேன்."

(படம் வரைகிறவர்களை இங்கே எல்லோரும் சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை வருடம் பழகினாலும் அந்த மரியாதை இறங்காது.)

ஷிஹோ சூப்பைக் கலக்கினாள். "அம்மாவுக்கு இப்போ யார் சமைக்கறாங்க, குசாகா சார்?"

"பக்கத்து வீட்டுல குடுத்தனுப்பறாங்க. உப்பு கரிக்குதுன்னு போன்ல ஒரே திட்டு."

"திட்டறாங்கன்னா தெம்பா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றாள். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவர் நிச்சயம் இருந்துவிடுவார். அதுதான் அவளுக்குப் பயம். ஊரிலிருந்து போன் மணி அடிக்கும்போதெல்லாம் முகம் வெளிறிப்போகிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சந்தோஷமாக இருப்பாள்? வார்த்தையை விழுங்கினாள். சூப்போடு சேர்த்து விழுங்கியும் வலித்தது.

(நானாக இருந்தால் மேஜைமேல் ஏறி நின்று சொல்லியிருப்பேன். அப்புறம் ஆயுசுக்கும் அந்த ஏணியைக் கனவில் கண்டு அலறியிருப்பேன்.)

4.

கடைசிச் சந்திப்பு. தொடரின் கடைசிப் பக்கம் மேஜைமேல் இருந்தது. அதன் கடைசிப் படக் கட்டத்தில் கதாநாயகன், நாயகி முன்னால் ஒரு கோப்பையை வைக்கிறான். அதன் பிடி அவளுடைய இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அவன் தலைக்கு மேல் பேச்சுக் குமிழ். குமிழுக்குள் ஒன்றுமில்லை.

குசாகா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஷிஹோ இடதுகைக்காரி. காப்பி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் அவர் பிடியை அவளுடைய இடப்பக்கம் திருப்பிவைப்பார். அதைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

பக்கத்தைப் படம் பிடித்துப் பத்திரிகையின் தலைமை ஆசிரியருக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. அந்தக் குரலை ஒட்டுக் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

"என்னப்பா குசாகா, வசனம் எங்க? அச்சுப்பிழைன்னு வாசகருங்க நாறடிச்சுடுவாங்க!"

"வேணும்னேதான் விட்டிருக்காங்க சார்."

"அப்போ ஆறு புள்ளியாவது வை. பேசாம நிக்கறான்னு புரியும்."

(மாங்காவில் மௌனத்தையும் அச்சுக் கோக்க வேண்டும். ஆறு புள்ளி வைத்தால் மௌனம் என்று கணக்கு.)

குசாகா போனைக் கையால் பொத்திக்கொண்டு ஷிஹோவைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றாள். "புள்ளி வச்சா, சொல்ல வந்து வாய் வரலைன்னு ஆயிடும். இவனுக்கு வாய் வரும். நல்லாவே வரும். சொல்ல வேண்டாம்னுதான் விடறான்."

இவன் என்றுதான் சொன்னாள். நான் மூக்கை உறிஞ்சினேன். பணிப்பெண் திரும்பிப் பார்த்தாள். வெங்காயம் என்றேன். என் தட்டில் இருந்தது பான்கேக்.

"புள்ளி கிடையாது சார்" என்றார் குசாகா போனில். "பழி வந்தா என் தலையில போடுங்க."

"நீதான் ஊருக்குப் போறியே!"

"அதனாலதான் சொல்றேன்."

பிழைபோலத் தெரிந்தாலும் பிழையில்லை என்றால், பக்கத்தில் 'இப்படியே விடவும்' என்று ஆசிரியர் குறிக்க வேண்டும். அது தொழில் வழக்கம். குறித்தார். அழுத்தியதில் பென்சில் முனை ஒடிந்தது.

5.

முடிவு அ: ஹனேடா விமான நிலையத்தில் ஷிஹோ தலைதெறிக்க ஓடி—

(நானும் மூன்று பக்கம் ஓடவிட்டுப் பார்த்தேன். பாதியில் நின்று என்னை முறைத்தாள்.)

முடிவு ஆ: பல வருடங்கள் கழித்து, பழுத்துக் குலுங்கும் ஆரஞ்சு மரத்தடியில்—

(வெட்கமாக இல்லையா எனக்கு?)

நான் பார்த்தது இவ்வளவுதான். குசாகா எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்தார். அவள் முன்னால் வைத்தார். பிடியைத் திருப்பினார்.

"சூடா இருக்கு, சென்செய்."

"ஆறட்டும். அம்மாவுக்கு உப்பைக் குறைச்சுப் போடுங்க."

அவர் சிரித்தார். குனிந்து வணங்கினார், வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் குனிந்தே இருந்தார். பிறகு போய்விட்டார். ஷிஹோ கதவுப் பக்கம் திரும்பவில்லை. இடது கையால் கோப்பையை எடுத்தாள்.

அப்போது அவள் எதிரே இருந்த காலி நாற்காலியிடம் ஒன்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் என் காது பாம்புக் காது. ஓர் எழுத்து விடாமல் கேட்டது. அதை இங்கே எழுதியும் வைத்திருந்தேன். மூன்று முறை படித்துவிட்டு அழித்தேன்.

"(                                        )"

இதோ, இடம் விட்டிருக்கிறேன். வேண்டுமானால் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆறு புள்ளி மட்டும் வைத்துவிடாதீர்கள். எனக்கு வாய் வரும்.