மச்சான் வெட்டாத கம்பி

1

இந்தக் கதைக்குக் காரணம் கம்பி நறுக்கும் ஒரு கட்டர். ரேடியோ செய்வது என் மனைவிக்குப் பொழுதுபோக்கு. போர்டில் பாகங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தபின் நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றின் கம்பிக் கால்களை நறுக்க, நாள்பட உழைக்கிற கட்டர் வேண்டுமென்று மூன்று வாரம் என் உயிரை எடுத்தாள். கடையில் பதினொரு கட்டர்களின் வாயை மூடி, ஒவ்வொன்றாக டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றார் கடைக்காரர்.

"இதுல வாய் இடுக்குல வெளிச்சம் தெரியுதே. ரெண்டே மாசத்துல மழுங்கிடும்."

பன்னிரண்டாவதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்: "செம்புக் கம்பிக்கு மட்டும்தான். இரும்பை வெட்டினா வாய் போயிடும்." தலையாட்டினேன்.*

(* காதில் விழவில்லை. ஒரு கதையை யோசித்துக்கொண்டிருந்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மச்சான், மேசைமேல் இருந்த கட்டரை எடுத்து, சைக்கிள் கம்பி ஒன்றை –'

சரிப்படவில்லை. மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

இரண்டாம் தொடக்கம்: 'மச்சானுக்கு அன்று என்ன ஆயிற்றோ –' (என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அடித்துவிட்டேன்.)

சொன்ன பேச்சு கேட்காத பாத்திரம். வாசகரே, இந்த மச்சானை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அவள் நம்பினாள்.

3

வெட்டியது நான். கதை நோட்டில் உருப்படாத நாற்பது பக்கத்தைக் கழற்ற, அதன் இரும்புச் சுருள் கம்பியை அவள் கட்டரால் இரண்டு இடத்தில் நறுக்கினேன். சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூடிய வாயில் கடுகளவு ஓட்டை.

"இதை யாரு தொட்டது?"

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தப்ப உன் அண்ணன் எதையோ வெட்டிட்டிருந்தாரே."

ஒரு பத்தி எழுத ஒரு மாதம் இழுக்கிறவன் நான். இந்தப் பொய் மட்டும் ஒரு நொடியில் வந்து தொலைத்தது.

போனில் அண்ணன் தொடவே இல்லை என்றார். "தொட்டதுகூடப் பரவாயில்ல அண்ணா. இல்லைன்னு சாதிக்கிறே பாரு, அதைத்தான் தாங்க முடியல," என்று வைத்துவிட்டாள். மூன்று ஞாயிறாக அவர் வரவில்லை. ஞாயிறன்று அவள் இன்னும் அவரையும் சேர்த்து மூன்று பேருக்குத்தான் சமைக்கிறாள்.

4

முடிவுகள்.

(அ) அதே மாதிரி புதுக் கட்டர் வாங்கி மாற்றி வைத்துவிடுகிறேன். (பன்னிரண்டில் ஒன்றைப் பொறுக்கும் கண் எனக்கு ஏது?)

(ஆ) மச்சான் பெரிய மனசு பண்ணி, தானே வெட்டியதாக ஒப்புக்கொள்கிறார். (எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.)

(இ) நான் அவளிடம் போய்

என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, பொய்யாகத் தெரிகிற இடத்தில் கோடு போடுவாள்.

அடுத்த அறையிலிருந்து கேட்கிறாள்: "எழுதி முடிச்சாச்சா?"

"முடிவுதான் வரல."

"குடுங்க, நான் பார்க்கிறேன்."

பயமாக இருக்கிறது. கம்பி வெட்டிய நோட்டையும் சேர்த்தே கொடுக்கப்போகிறேன்.

இந்தா.