வாயு மேகத்தில் மெத்தனால்

பெரியாயி பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரியவில்லை. மழையில் ஊறிய படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடியில் போட்டாள். மகள் துஷாந்தினி அணைந்த கணினியின் முன்னால் குந்தியிருந்தாள்.

கொழும்பில் வானியல் மேல்படிப்பு படிக்கிறவள். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று பதிவுசெய்த ரேடியோ அலைகளை வீட்டிலிருந்தே ஆராயலாம் என்று வந்து, மாதக்கணக்காக அதிலேயே கிடந்தாள். நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் வாயு மேகமொன்றில், இதுவரை யாரும் காணாத பொருளின் அடையாளம் தெரிகிறது என்று போன வாரம்கூடத் துள்ளினாள்.

"என்னாடி, மொகமே சரியில்ல?"

"நான் கண்டது புதுசு இல்லையாம், அம்மா. இப்பத்தான் எங்க புரொபெசர் சேர் போன்ல சொன்னாரு. எல்லாருக்கும் தெரிஞ்ச மெத்தனால்தானாம்."

"அப்பிடின்னா?"

மகள் தயங்கினாள். "ஒரு வகைச் சாராயம். கள்ளத்தனமா காய்ச்சுற கசிப்புல கலந்திருக்குமே, அது."

பெரியாயி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். புருஷன் மாரிசாமியின் கண்ணை முதலில் கொண்டுபோய், பிறகு ஆளையே கொண்டுபோனது எது என்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பெயரும் இதுதான். கோபப்படத்தான் நினைத்தாள். அதற்கு உடம்பில் தெம்பில்லை.

"அதையா இத்தன மாசமா தேடுன? அங்க எவன் காய்ச்சுறான்?"

"யாரும் காய்ச்சலம்மா. அங்க பயங்கரக் குளிரு. மிதக்குற தூசி மேல ஐஸ் படிஞ்சிருக்கும். அதுல கார்பன் மொனொக்சைட் ஒட்டிக்கிட்டிருக்கும். ஹைட்ரஜன் அணு ஒண்ணொண்ணா வந்து அதோட சேரும். நாலு சேந்தா மெத்தனால். அதுலருந்து இன்னும் பெரிய பொருளுங்க வரும். உயிருக்கு வேண்டியதுக்கெல்லாம் அங்கதான் தொடக்கமோன்னு தேடுறாங்க."

"எவ்ளோ நாளாவும்?"

"லட்சக்கணக்கான வருசம்."

பெரியாயிக்குக் கேட்கவே அலுப்பாயிருந்தது. "குடிக்கிறதுக்கு அங்க ஆளு இல்லையே?"

"இல்லம்மா."

"அந்த மட்டுக்கும் நல்லது."

அடுப்புப் பக்கம் போக எழுந்தவளை மகள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீ இரும்மா." தானே விறகை அடுக்கி, மாவு பிசைந்தாள். ரொட்டி வேகும் வாசம் வருவதற்குள் பெரியாயிக்குக் கண் சொருகிவிட்டது. மகள் தட்டோடு வந்து தொட்டபோதுதான் விழித்தாள்.

"மறுபடி மொதல்லருந்து பாக்கப்போறேம்மா. வேற எங்கயாவது புதுசா ஏதாவது தெரியுதான்னு."

"பாரு," என்றாள் பெரியாயி, ரொட்டியைப் பிய்த்தபடி. "எனக்கும் விடிஞ்சா வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுல நிக்கணும்."