பட்டறையில் பறக்கும் வண்டி

எனக்குக் கோபம் வந்தால் ஸ்பேனர் பறக்கும் என்று என் தம்பி ராஜபாண்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். சுத்தப் பொய். ஒரே ஒரு தடவைதான் பறந்தது, அதுவும் அவன் மேல் படவில்லை. ஆனால் யாழினியின் வண்டி மறுபடியும் பட்டறைக்குத் திரும்பி வந்த அன்று என் கையில் ஸ்பேனர் இல்லாமல் போனது அவனுடைய நல்ல நேரம்.

எங்கள் பட்டறை திருப்பூரில் பல்லடம் ரோட்டில் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலை தேடி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் தையல் மிஷினில் உட்கார்ந்தார்கள். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு டர்போ வண்டிகளில் விழுந்தேன். குழாய் வளைப்பதும் வெல்டிங் வைப்பதும் ராஜபாண்டி வேலை. லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று என்ஜினுக்குப் புதுக்கணக்கு எழுதுவது என் வேலை. "பொம்பளப் புள்ளைங்களா டியூனிங் பண்றது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு வண்டியையும் விட்டுவிட்டுப் போவார்கள்.

எத்தனை வண்டி பார்த்தாலும் டர்போ என்கிற அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல் எனக்குள்ள பிரமிப்பு குறையவில்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும். வேண்டாம் என்று வண்டி வெளியே தள்ளுகிற புகைதான் அதைச் சுற்றுகிறது. சும்மா இல்லை, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல். ஒரு பக்கம் பழுக்கக் காய்ந்து சிவந்து கிடக்க, அதே தண்டின் மறுபக்கம் வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கி என்ஜினுக்குள் ஊட்டுகிறது. கழித்துப் போட்ட மூச்சை வைத்தே புது மூச்சு கொடுக்கலாம் என்று முதலில் யோசித்த மனுஷன் யாரோ, எதிரே வந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன்.

ஒரே ஒரு சிக்கல். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காற்று வந்துவிடாது. புகை பெருக வேண்டும், சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் காற்று. அந்த இடைவெளியைத்தான் டர்போ லேக் என்கிறோம். வண்டி சற்றே யோசிக்கும், பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளும். அந்த யோசனையைச் சுருக்குவதுதான் டியூனிங்கில் பாதி வேலை. அடியோடு ஒழிக்க எவராலும் முடியாது.

யாழினி, கரைப்புதூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் அர்த்தநாரி ஐயாவின் ஒரே மகள். ஏற்றுமதி சாம்பிள் எல்லாம் அவள் பொறுப்பு. நாள் முழுக்க ஃபோனில் யாராவது அவளைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள். "வண்டி ஓட்டற நேரம் மட்டுந்தானுங்கக்கா நான் எனக்குச் சொந்தம்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அவளுடைய சின்ன டர்போ பெட்ரோல் வண்டிக்கு நான்தான் டியூனிங் செய்தேன். பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி இருக்கும் திறந்த ஏர் ஃபில்டரை மாட்டியதும் நான்தான். அன்று அவள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் பல்லடம் ரோட்டில் ஒரு பிரைவேட் பஸ்ஸை முந்த வெளியே எடுத்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் அப்பா. மிதித்தாள், வண்டி யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. எதிரே கோழி லாரி. பஸ் டிரைவர் புண்ணியவான், பிரேக்கை மிதித்து இடம் விட்டார். இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது.

அன்றைக்கே அர்த்தநாரி ஐயா சாவியை வாங்கிக்கொண்டார். எனக்கு ஃபோன் வந்தது. கொங்குக்காரர்கள் திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்கள், அதனால் கூடுதலாகச் சுடும்.

"அம்முணி, நீங்க கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிப்போட்டீங்க. எம்பட புள்ள உசுரு போகப் பாத்துச்சுங்க. இனி அது வண்டியே தொட வேண்டாம். டிரைவர் போட்டாச்சுங்க."

யாழினி கெஞ்சியதால் எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அன்று மத்தியானம் ஈரோட்டுக்காரர் ஒருவர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார், யாழினி ஆயுசுக்கும் பின் சீட்டில்தான்.

டிரைவர் வண்டியைக் கொண்டு வந்தார். நான் ஓட்டினேன், பறந்தது. அனுப்பினேன். வீட்டில் மறுபடி இழுவை இல்லை என்றார்கள். திரும்ப வந்தது, திரும்பப் பறந்தது. பைப், வால்வு, சென்சார் ஒன்று விடாமல் பார்த்தேன். ஃபில்டரையும் பார்த்தேன். கழுவித் துடைத்த பூஜைச் சாமான் போலப் பளபளவென்று இருந்தது. பஞ்சு பறக்கிற இந்த ஊரில் அப்படி ஒரு ஃபில்டர் இருக்கவே முடியாது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ, வண்டியை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

"ஏக்கா, பேய் பிடிச்ச வண்டிக்கா இது. கருப்பன் கோயில்ல ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி நசுக்கிருவோமா?" என்றான் ராஜபாண்டி.

"ஒன்ன நசுக்குதேன் மொதல்ல" என்றேன்.

கடைசி முயற்சியாக, ஓடும்போது என்ஜின் என்ன செய்கிறது என்று பதிந்து வைக்கும் ஒரு சின்னக் கருவியை வண்டியில் செருகி அனுப்பினேன். மறுநாள் அதை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டறையிலிருந்து வீடு போனபோது வண்டி சிங்கம். வீட்டிலிருந்து டிரைவர் யாழினியை அவிநாசிக்குக் கூட்டிப் போனபோது, மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தது. டர்போ தன் பலம் முழுவதையும் போட்டு இழுக்கிறது, காற்று வரவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு வந்து, மறுபடி பட்டறைக்குக் கிளம்பியபோது பழையபடி சிங்கம். ஒரே வண்டி, ஒரே டிரைவர். கோளாறு வண்டியில் இல்லை, அந்த வீட்டில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ராஜபாண்டியோடு பைக்கில் கரைப்புதூருக்குப் போனேன். வீட்டை ஒட்டினாற்போல நிட்டிங் ஷெட். மிஷின்களின் இரைச்சல் வாசலிலேயே கேட்டது. ஜன்னல் வழியாக வந்த பஞ்சு காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் பனியன் துணி போடாத பொருள் எதுவுமே இல்லை. வாஷிங் மிஷினுக்கு உறை, ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை, தண்ணீர் மோட்டாருக்கு உறை. நாய்கூட ஏதோ ஒரு ஜெர்மன் கம்பெனியின் டி ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"வாங்க அம்முணி, காப்பி சாப்புடுங்க" என்றார் அர்த்தநாரி ஐயா. கோபத்திலும் காப்பிக்குக் குறை வைக்க மாட்டார்கள். யாழினி பின்னாலேயே வந்தாள், முகம் வாடிப் போயிருந்தது.

"காப்பி இருக்கட்டும்யா. பானட்டத் திறங்க."

திறந்தார். நான் மாட்டிய கூம்பு ஃபில்டரைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பனியன் இருந்தது. அளவெடுத்துத் தைத்த உறை. வாயில் எலாஸ்டிக், ஓரத்தில் ஓவர்லாக் தையல், கழுத்தில் கம்பெனி லேபிள்கூட இருந்தது. மேலே பஞ்சு ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது.

"இது என்னதுய்யா?"

"கவருங்க" என்றார் பெருமையாக. "நம்ம மிஷின்லயே ஓட்டுனது. லைக்ரா ரிப்புத் துணி, ரெண்டு மடிப்புப் போட்டு நானே நின்னு தைக்க வெச்சனுங்க. ஷெட்டோரம் நிக்கற வண்டி, பஞ்சு உள்ள போயிரக் கூடாதுல்லீங்க? ரெண்டு மாசமா, நோம்பிக்கு முன்னால இருந்தே போட்டுட்டு இருக்கறேன். புள்ளைகிட்டக் கூடச் சொல்லுல."

"பட்டறைக்கு வர்றப்ப இது எங்க போவுது?"

"கழட்டிருவனுங்க. ஃபில்டருக்கு ஏர் அடிச்சு, தொடச்சுத்தான் அனுப்புவேன். ஃபேக்டரிய ஆடிட் பண்ண ஆள் வந்தா மிஷினப் பூராத் தொடச்சு வெக்கறதில்லீங்களா? அழுக்கோட அனுப்புனா நம்ம கம்பெனி பேரு என்னாவுறது?"

ராஜபாண்டி என் கையைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.  நாள் கணக்காக என் தூக்கத்தைக் கெடுத்த பேய் இதுதான், லேபிள் ஒட்டிய பனியன். வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு யாழினியிடம் சொன்னேன்.

"ஸ்டார்ட் பண்ணி நல்லா மிதி. ஐயா, நீங்க இங்கன குனிஞ்சு இதையே பாருங்க."

அவள் மிதித்தாள். உறை சுருங்கிக் கூம்போடு ஒட்டிக்கொண்டது. ஃபில்டரின் மடிப்பு ஒவ்வொன்றும் எலும்பு போலத் துணிக்கு மேலே தெரிந்தது. என்ஜின் இருமியது. அவள் விட்டதும் உறை தளர்ந்தது. மிதித்தாள், மறுபடி ஒட்டியது. கழுத்தில் கை வைத்து அழுத்துவதைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. நான் உறையைப் பிடுங்கினேன். உடனே டர்போவின் விசில் கிளம்பியது, மெல்லிசாக, சுத்தமாக. அந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டவள் நான், எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அர்த்தநாரி ஐயா நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு அந்தக் கோழி லாரி... இதுனாலதானுங்களா அம்முணி?"

யாழினி டிரைவர் பக்க ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவர் பார்க்காதபடி இல்லை என்று ஆட்டினாள். சொல்லிவிடாதே என்று. வண்டி போனாலும் போகட்டும், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அந்த ஒரு நிமிடம் அந்தப் பெண்ணைப் பார்த்து நான் மலைத்துப் போனேன். ஆனாலும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஆமாங்கய்யா" என்றேன். அவர்கள் ஊர் 'ங்க' எனக்குத் தானாக வந்த முதல் தடவை அதுதான்.

அவர் உறையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "நீங்களும் ஏறுங்க" என்றார். நான் பின்னால் ஏறினேன், ராஜபாண்டி பைக்கோடு அங்கேயே நின்றுகொண்டான். யாழினி ஓட்டினாள்.

பல்லடம் ரோட்டில் ஏறியதுமே ஒரு பிரைவேட் பஸ் முன்னால் போனது. யாழினி அதன் பின்னாலேயே ஊர்ந்தாள். ரோடு காலியாக இருந்தும் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"போ கண்ணு" என்றார் அவர்.

வெளியே எடுத்தாள், மிதித்தாள். வண்டி யோசித்தது. எவ்வளவு டியூன் செய்தாலும் மிச்சம் இருக்கும் அந்தச் சின்ன யோசனை. அதற்குள் அவர் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், நானே எழுதிய கணக்குத்தான் என்றாலும். பிறகு விசில் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத காற்று, வெறும் காற்று, எங்கள் மூன்று பேரையும் சீட்டோடு சேர்த்து அழுத்தியது. பஸ் அப்படியே பின்னால் வழுக்கிப் போயிற்று. ஆண்டவனே என்று மனசுக்குள் சொன்னேன். எத்தனை தடவை ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

"நிறுத்து கண்ணு."

வேப்ப மரத்தடியில் ஓரம் கட்டினாள். அவர் இறங்கிக் கதவைப் பிடித்தபடி நின்றார். 

"நானே உன்னையக் கொல்லப் பாத்துட்டனே கண்ணு. நானே தெக்க வெச்சு எங்கையால மாட்டி உட்டனே" என்று வாய்விட்டு அழுதார். ஷெட்டில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், ரோட்டோரத்தில் குழந்தை மாதிரி அழுதார்.

யாழினி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பஞ்சு போகக் கூடாதுன்னுதானுங்கப்பா பாத்தீங்க. நான் இங்கதான நிக்கறேன், பாருங்க" என்றாள். அவளும் அழுதாள். சிவந்த கண்ணோடு திரும்பிப் போன நான் எதற்கு அழுதேன் என்று ராஜபாண்டி இன்றுவரை கேட்கிறான். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது அந்த பஸ், நாங்கள் முந்திய அதே பஸ், நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. படியில் தொங்கிய கண்டக்டர் டாட்டா வேறு காட்டினான். அர்த்தநாரி ஐயா அதையே பார்த்தார். கையிலிருந்த உறையால் முகத்தைத் துடைத்தார். பஞ்சு மீசையில் ஒட்டிக்கொண்டது.

"ஏறு கண்ணு. அத மறுக்கா முந்தோணும்."

ஏறினோம். பஸ்ஸை நெருங்கும்போது அவருடைய ஃபோன் அடித்தது. ஈரோட்டுக்காரர். யாழினி கையை கியரில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்க்கச் சொல்லி விரலைக் காட்டிவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தார். அவள் வெளியே எடுத்து மிதித்தாள்.

"வர வேண்டாமுங்க, வண்டி விக்கறதுக்கில்லீங்க" என்றார். விசில் ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர் டேஷ்போர்டைப் பிடிக்கவில்லை. "எம்பட புள்ள ஓட்டீட்டு இருக்குதுங்க. பொறகு பேசறேன்."