இல்லாத ஜெல்லிமீன்

குடையக்காவுக்கு அன்று காலையிலிருந்தே யாரிடமும் முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை. வண்டியில் ஏறிய பதினேழு பேருக்கும் வணக்கம் சொன்னாள், தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தாள், தலையை எண்ணினாள். எல்லாம் கடனே என்று நடந்தது. போன வாரம் இதே வண்டியில், இதே மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருந்தாள். அது ஏழு நாளாகியும் செரிக்கவில்லை.

அந்தப் பழைய துறைமுக நகரத்தில் அவள் பதினான்கு வருடமாகச் சுற்றுலா வழிகாட்டி. கூட்டத்தில் ஒருத்தரும் தொலையக் கூடாதென்று ஆரஞ்சு நிறக் குடையைத் தூக்கிப் பிடித்து நடப்பாள். குடையக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் உரிம அட்டையில் மட்டும் இருந்தது. அந்த அட்டைக்கும் இந்த மாதக் கடைசியோடு ஆயுள் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்பெனி மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். கடிதம் அவர் மேசையில் பத்து நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

காலையில் கோட்டை, கலங்கரை விளக்கம். பிறகு தெற்கே மூன்று கடற்கரைகள். சாயங்காலம் திரும்பிவிடலாம். டிக்கெட்டிலேயே 'மூன்று' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்த மூன்றாவதுதான் விஷயமே. பாறை வளைவுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வளைகுடா. நூறு அடி உள்ளே போனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். நீச்சல் தெரியாதவர்களும் பயமில்லாமல் இறங்கலாம். ஆனால் இரண்டு மாதமாக அதற்குப் போகும் பாதையில் ஒரு ஹோட்டல்காரன் கடலுக்குள் நீளும் சுவரை எழுப்பி, இரும்பு கேட்டைப் போட்டுவிட்டான். மேனேஜரும் அவனும் பேசி முடித்துக்கொண்டார்கள். இனி வருகிறவர்களை ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறக்கிவிட வேண்டியது.

"கேட் போட்டுட்டாங்கன்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க. ஜெல்லிமீன் வந்திருக்கு, கொட்டினா உசுருக்கே ஆபத்துன்னு சொல்லு. ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்" என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்தார். போன வாரம் அவளும் அப்படியே ஒப்பித்தாள். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா, "அதுக்கென்னம்மா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது கடற்கரையில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து வண்டியில் ஏறினார்கள். முன் சீட்டில் இன்றைக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும். வாத்தியார் டிக்கெட்டை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அடுத்தது மூணாவது பீச்தானேம்மா? இவ இதுவரைக்கும் கடல்ல கால் நனைச்சதோட சரி. அங்க ஆழமில்லன்னு சொன்னாங்க."

டிரைவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவருக்குச் சாந்தம் என்று பட்டப்பெயர். ரோட்டில் யாரையும் திட்டாமல் ஒரு கிலோமீட்டர் வண்டி ஓட்டியதில்லை, அதனால் வந்த பெயர்.

குடையக்கா மைக்கை எடுத்தாள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் இந்த வேலை முழுக்க வாயில்தான் இருக்கிறது. வாய் பொய்யாகிப் போனால் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அங்க போற பாதையை ஹோட்டல்காரங்க அடைச்சுட்டாங்க. உங்ககிட்ட ஜெல்லிமீன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. போன வாரம் சொன்னேன். இன்னைக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள். "பாதைதான் அடைச்சிருக்கு, கடலை யாரும் அடைக்கல. தண்ணியோரமா நடந்தா பதினஞ்சு நிமிஷம். முட்டிவரைக்கும் நனையும். வர்றவங்க வரலாம், வராதவங்க வண்டியில இருக்கலாம்."

முதலில் வாத்தியார் மனைவி குனிந்து செருப்பைக் கழற்றினாள். அதைப் பார்த்து ஒவ்வொருத்தராகக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

குடையக்கா குடையோடு இறங்கியதும் சாந்தமும் இறங்கி ஓடிவந்தார். "தங்கச்சி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? கையெழுத்து அந்தாளு மேசையில கிடக்கு. கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

"பொறுத்துப் பார்த்தாச்சுண்ணே. நீங்க வண்டியைக் கொண்டுபோய் ஹோட்டல் கேட்டுக்கு வெளிய நிறுத்துங்க."

"கேட்டுக்கு வெளியவா? அவனுங்க எங்க திறக்கப்போறானுங்க!"

"நிறுத்துங்கண்ணே, பார்த்துக்கலாம்."

இந்தக் கரையில் வேலை செய்கிறவர்கள் பல் விளக்குவதற்கு முன்னால் கடல் ஏறி வடியும் நேரம் சொல்லும் ஓதப் பட்டியலைப் பார்ப்பார்கள். அன்று அமாவாசைக்கு மறுநாள். கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும். ஹோட்டல்காரர்களோ தண்ணீர் முழுக்க ஏறியிருந்த நேரத்தில் வந்து அளந்து, ஆள் மூழ்குகிற ஆழம் வந்த இடத்தோடு சுவரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கடலோரத்தில் பிறந்த சின்னப் பிள்ளைகூட இப்படி ஒரு தப்பைச் செய்யாது. ஒன்றே முக்கால் மணிக்கு அந்தச் சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் ஒரு வண்டி போகிற அளவுக்கு ஈர மணல் விரிந்து கிடந்தது. குடை முன்னால் போக, பதினேழு பேரும் சுவரைச் சுற்றிக்கொண்டு ஜாம் ஜாமென்று உள்ளே நுழைந்தார்கள்.

உள்ளே 'ஜெல்லிமீன் அபாயம்' என்று ஒரு பெரிய பலகை நின்றது. அதற்குக் கீழேயே ஹோட்டலில் தங்கியிருந்தவர்கள் ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மீனுக்கு ரூம் எடுத்தவங்க யாரு, எடுக்காதவங்க யாருன்னு தெரியும்போல" என்றார் வாத்தியார்.

"யாரும் காஞ்ச மணல்ல ஏற வேண்டாம், நேரா தண்ணிக்குள்ள இறங்குங்க" என்றாள் குடையக்கா. எல்லாரும் இறங்கினார்கள். வாத்தியார் மனைவி முதலில் முழங்காலுக்கு, அப்புறம் இடுப்புக்கு என்று போய், அங்கே கழுத்தளவுக்கு முங்கி உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள்.

இரண்டரை மணி நேரம் கழித்து ஹோட்டல் சூப்பர்வைசர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். பின்னாலேயே கேட் காவல்காரரும் வந்தார். அவர் குடையக்காவின் தங்கை புருஷன். இரண்டு மாதம் முன்புதான் இந்த வேலை கிடைத்திருந்தது. கேட்டைத் திறந்து விடச் சொல்லி அவரிடம் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் இத்தனை சுற்றிக்கொண்டு வந்தாள். தன் வேலை போனால் போகட்டும், தங்கை வீட்டு அடுப்பில் கைவைக்க அவளுக்கு மனமில்லை.

"இது பிரைவேட் பீச்! வெளிய வாங்க!" என்று சூப்பர்வைசர் கத்தினான்.

"நாங்க பீச்ல இல்ல சார். கடல்ல இருக்கோம்."

"என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கற? இழுத்துப் போடு அவங்களை!" என்று அவன் காவல்காரர் பக்கம் திரும்பினான்.

காவல்காரர் குடையக்காவைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "எனக்குக் கேட்டுலதான் சார் டியூட்டி. கேட் வழியா ஒரு ஈ காக்கா வரல. கடலுக்கு யாரைக் காவல் போட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது."

சூப்பர்வைசர் போனை எடுத்து யாருக்கோ பேசினான். அடுத்த நிமிடம் குடையக்காவின் போன் அடித்தது. மேனேஜர். அவள் தோளில் தொங்கிய ஒலிபெருக்கியின் மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.

"அறிவிருக்கா உனக்கு?" மேனேஜர் குரல் வளைகுடா முழுக்க முழங்கியது. "உடனே எல்லாரையும் மேல ஏத்து! ஜெல்லிமீன்னு சொல்லு! அந்த ஜனங்களுக்கு என்ன எழவு தெரியும், எதைச் சொன்னாலும் நம்பும்!"

குளித்துக்கொண்டிருந்த எல்லாரும் நின்றார்கள், ஹோட்டலில் தங்கியிருந்தவர்களும் சேர்த்து. வாத்தியார் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"வணக்கம் சார். எழவும் தெரியாத ஜனத்துல ஒருத்தன் பேசறேன். முப்பது வருஷம் பூகோளம் நடத்தினவன். உங்க ஜெல்லிமீன் எந்தக் கடல்ல இருக்கு, கொஞ்சம் சொல்றீங்களா?"

மேனேஜர் சன்னமாக, "போனை அவகிட்ட குடுங்க" என்றார். அவளிடம், "லைசென்ஸ் கையெழுத்தைக் கனவுலயும் நினைக்காத. நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பதினான்கு வருடம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. குடையக்காவுக்கு அழுகை வந்தது. அழுதால் இந்த சூப்பர்வைசர் பார்ப்பானே என்ற கோபத்தில் அது வந்த வழியே திரும்பிப் போனது.

"இப்பவாச்சும் வெளிய போறீங்களா இல்லையா?" என்றான் அவன்.

"தாராளமா போறோம் சார்" என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஓதம் ஏறி, சுவரின் முனையில் அலை அடித்துக்கொண்டிருந்தது. "வந்த வழியில இப்ப கழுத்தளவுத் தண்ணி. பாறை வேற. இனிமே வெளிய போறதுக்கு ஒரே வழிதான் இருக்கு. போகச் சொல்றதும் நீங்கதான். கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் கடலைப் பார்த்தான், ஈரம் சொட்டும் பதினேழு பேரைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் தலையாட்டினான்.

"கேட்டீங்கல்ல மாப்பிள்ளை? சாரே சொல்லிட்டார்" என்றாள் குடையக்கா. காவல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். ஹோட்டல் புல்தரை, பளிங்குப் படி எல்லாவற்றிலும் கால்மணலைக் கொட்டிக்கொண்டு ஊர்வலம் கேட்டுக்கு வெளியே வந்தது. அங்கே சாந்தம் வண்டியோடு நின்றிருந்தார். யாரையும் திட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வண்டி நகர்ந்ததும் அவள் போனை எடுத்தாள். நகரத்தில் இருந்த முப்பது வழிகாட்டிகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் அதில் பேசி அனுப்பினாள். "நாளைக்கு ரெண்டே முக்காலுக்குத் தண்ணி நல்லா வடியும். சுவர் முனையில வலதுபக்கமா நடங்க, இடதுபக்கம் பாசி வழுக்கும்" என்று கடைசியில் சேர்த்தாள்.

நகரத்தின் கோட்டைச் சுவர் கண்ணுக்குத் தெரிவதற்குள் பதினொரு பேர் வருவதாகப் பதில் போட்டிருந்தார்கள். அவர்களில் நாலு பேர் அதே கம்பெனிக்காரர்கள். பன்னிரண்டாவதாகப் போன் அடித்தது. மேனேஜர்தான். குரலில் முதல் போனில் இருந்த மிடுக்கைக் காணோம்.

"என்னம்மா இது, நாளைக்கு எல்லா வண்டியும் அங்க போகுதாமே? கையெழுத்தை நான் இப்பவே போட்டுத் தர்றேன். போக வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா கேப்பாங்க."

"ஆமா சார், நான் சொன்னா கேப்பாங்க. அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்றாள் குடையக்கா. "நீங்களே சொல்லிப் பாருங்க. ஜெல்லிமீன் வந்திருக்குன்னு."