பாதி வார்த்தையில் ஒளியும் விசைப்பலகை

"நீ எனக்குச் செஞ்சு குடுத்தது ஆப் இல்ல மகளே, ஆப்பு. பாதிப் பேச்சுல கீபோர்டு உள்ள போய் ஒளிஞ்சுக்குது. என் வாய மூடுறதுக்கு ஒரு டாக்டர் போதாதா? நீயும் எதுக்கு?"

காலையில் அலுவலகத்துக்கு வந்து மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் நுர்ஸாதா இதைப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எழுதியிருந்தவர் ஷெர்காசி ஆகே; மூத்த ஆண்களை அங்கே 'ஆகே', அண்ணன், என்றுதான் அழைப்பார்கள். கிர்கிஸ்தானில் டோக்மோக் ஊர்ப் பக்கம் அவர் மைக் பிடிக்காத கல்யாணம் கிடையாது. யார் எப்போது வாழ்த்துச் சொல்ல வேண்டும், எவரைக் கிண்டல் செய்தால் கோபம் வராது, எந்த நேரத்தில் எல்லோரையும் ஆட விட வேண்டும் என்று கூடத்தையே கையில் வைத்து ஆட்டுவார். போன வருடம் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். தலைநகர் பிஷ்கேக்கில் நுர்ஸாதா வேலை பார்த்த சின்ன நிறுவனம், இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஒரு செயலி செய்தது. கிர்கிஸ் மொழியில் எழுதினால் போன் அதைச் சத்தமாகச் சொல்லும். அதில் எழுதும் திரை முழுக்க அவள் கைவேலை.

செயலியை வாங்கிப் போட்டவர்களில் பலர் சில வாரங்களிலேயே எடுத்துவிட்டார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஷெர்காசி ஆகே மட்டும் திட்டிக்கொண்டே வைத்திருந்தார்.

அவள் சோதனைக்கு வைத்திருந்த போன்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எழுதிப் பார்த்தாள். பழைய போன், புதுப் போன், விரிசல் விட்ட போன். எதிலும் விசைப்பலகை அசையவில்லை. பக்கத்து மேசை அஸ்கத் எட்டிப் பார்த்தான்.

"பெரியவரு விரல் எங்கயாவது தப்பாப் பட்டிருக்கும். பின்னால போற பட்டன அமுக்கியிருப்பாரு. நீ வேற!"

"தினமுமா தப்பாப் படும்?"

"தடிச்ச விரலா இருந்தா படும்."

காரணம் பிடிபடவில்லை. பிடிபடாதபோது செய்யக் கூடாத ஒன்றை அவள் செய்தாள். விசைப்பலகை எப்போது கீழே போனாலும் உடனே மேலே இழுத்து வரும்படி ஒரு வரி எழுதி, புதிய பதிப்பை அனுப்பிவிட்டாள். மறுநாளே பதில் வந்தது.

"முன்னாடி கதவு சாத்திக்கிச்சு. இப்ப சாத்தவே மாட்டேங்குது. முன்ன எழுதுனத படிக்கலாம்னு பாத்தா, இந்த மூதேவி எந்திரிச்சு வந்து பாதித் திரைய மறைச்சுக்கிட்டு நிக்குது. போ சனியனேன்னு தள்ளுறேன், திரும்ப வருது. எங்க மாமியார் கூட இவ்வளவு பிடிவாதம் இல்ல."

அந்த வரியை நுர்ஸாதா எடுத்துவிட்டாள். பிறகு வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து எழுதினாள். "ஆகே, என் மேசையில இந்தக் கோளாறு வரவே மாட்டேங்குது. நீங்க பேசுற எடத்துலயே நான் பக்கத்துல நிக்கலாமா?"

"சனிக்கிழமை பிஷ்கேக் வரேன், ஓஷ் பஜாருக்கு வா. மகள மாப்பிள்ளை வீட்டுக்கு வழியனுப்புற விருந்து வருது. வாதுமைப் பருப்பு வாங்கணும், சண்டை போடணும். நல்லாப் பாக்கலாம்."

பஜாரில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெள்ளைக் கல்பாக் தொப்பி, கழுத்தில் துணி சுற்றிய நெடிய மனிதர். கூடவே கைப்பையை இறுகப் பிடித்தபடி அவர் மனைவி புருல் எஜே, அதாவது புருல் அக்கா. நுர்ஸாதா ஷெர்காசி ஆகேயிடம் ஒரு வார்த்தை சொல்வதற்குள் எதிரே தள்ளுவண்டிக்காரன் "வழி, வழி!" என்று கத்திக்கொண்டு போனான். அந்த இரைச்சலில் நுர்ஸாதாவின் செயலி என்ன கத்தினாலும் யார் காதிலும் விழாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உலர்பழக் கடையில் ஷெர்காசி ஆகே நின்றார். பேரம் ஆரம்பித்தது. அவர் எழுதினார். போன் சொன்னது. கடைக்காரி காதில் கை வைத்து, "என்ன சொல்றீங்க ஆகே? கேக்கல!" என்றாள். அவர் போனைப் படுக்கையாகத் திருப்பினார். எழுத்து பெரிதாக விரிந்தது. அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இந்த வெலைக்கு நான் பருப்பு குடுத்தா எம் புருஷன் என்னையும் சேத்து உங்ககிட்ட குடுத்துருவான்!"

பதில் சொல்ல அவர் போனை நிமிர்த்தி வேகமாகத் தட்டினார். விசைப்பலகை அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் அவர் முன்பு எழுதிய, தொட்டால் மறுபடி ஒலிக்கும் வாக்கியங்களின் வரிசை வந்து நின்றது. அவருடைய விரல் அதில் ஒன்றின் மேல் பட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பஜாரில் சத்தம் ஓய, போன் கணீரென்று சொன்னது: "புருல், இந்த சூப்புல உப்பே இல்ல."

கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். புருல் எஜே கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுல சொன்னது பத்தாதுன்னு பஜார்லயும் சொல்லணுமா உங்களுக்கு?"

ஷெர்காசி ஆகே இரண்டு கைகளையும் விரித்து, நுர்ஸாதாவை நோக்கிக் கண்ணால் காட்டினார். குற்றவாளி இதோ நிற்கிறாள் என்பது போல.

நுர்ஸாதா சிரிக்கவில்லை. அவள் கண் அந்தப் போனை விட்டு அகலவில்லை. "ஆகே, இன்னொரு தடவை அப்படித் திருப்புங்க. படுக்கப் போட்டு, நிமித்துங்க." திருப்பினார். விசைப்பலகை போய்விட்டது. மறுபடி திருப்பினார். மறுபடியும் போய்விட்டது. வாதுமைப் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவள் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

அவள் படுத்துக்கொண்டு படிக்கிறவள். திரை சாய்ந்து சாய்ந்து விழுவது பிடிக்காமல், கைக்கு வரும் எந்தப் போனிலும் திரை திரும்பாதபடி முதலில் பூட்டிவிடுவாள். சோதனைப் போன்கள் எல்லாவற்றையும் அவளேதான் பூட்டி வைத்திருந்தாள். போன் திரும்பினால் செயலி பழைய திரையைக் கலைத்துவிட்டு அதே போல இன்னொன்றைக் கட்டும். புதிய திரையிலும் எழுதும் கட்டம் இருக்கும்; எழுதிய எழுத்தும் இருக்கும். ஆனால் அவர் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தார் என்பது அதற்குத் தெரியாது. யாரும் தன்னை அழைக்கவில்லை என்று விசைப்பலகை இறங்கிப் போய்விடும்.

"என் தப்புதான் ஆகே. கண்டுபிடிச்சுட்டேன்."

அவர் எழுதினார். இந்த முறை போனைத் திருப்பாமல் அப்படியே அவளிடம் காட்டினார். "அப்ப எதுக்கு அழுவுற மாதிரி நிக்குற? ரெண்டு கிலோ பருப்பத் தூக்கு."

திங்கள்கிழமை முதல் அவள் அதிலேயே உட்கார்ந்தாள். திரை கலையும் முன் எந்தக் கட்டத்தில், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் நின்றது என்பதைப் பத்திரப்படுத்தி, புதிய திரையில் அதே இடத்தில் திரும்ப வைத்தாள். அப்போதும் சில போன்களில் விசைப்பலகை வர மறுத்தது. திரை முழுதாக எழும்பி நிற்கும் முன்பே அவளுடைய செயலி அதைக் கூப்பிட்டுவிடுவதுதான் காரணம். கூப்பிட்டபோது வருவதற்கு இடமே இல்லை. திரை தயார் என்று சொன்ன பிறகு கூப்பிடும்படி மாற்றினாள். அஸ்கத் தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கப் போனைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தான்.

"தடிச்ச விரல்னு சொன்னத அவருகிட்ட சொல்லிராத," என்றான் கடைசியில்.

வழியனுப்பு விருந்து டோக்மோக்கில், ஒரு ஞாயிறு மத்தியானம். நுர்ஸாதாவுக்கும் அழைப்பு இருந்தது. பெண்ணின் பெயர் அய்பேரி. விருந்தை நடத்த வேறொருவரை அமர்த்தியிருந்தார்கள். ஷெர்காசி ஆகே தந்தையாக மட்டும் உட்காருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா, நல்ல சிவந்த முகக்காரர், மைக்கை வாங்கிக்கொண்டு அவரை வம்புக்கு இழுத்தார்.

"என்ன சம்பந்தி, பொண்ணு போறதுக்கு முன்னாடியே பேட்டரி தீந்துபோச்சா?"

ஷெர்காசி ஆகே எழுதினார். பக்கத்தில் இருந்த காது மந்தமான அத்தைக்கு முதலில் போனைப் படுக்கப் போட்டுக் காட்டினார். அத்தை தொடையைத் தட்டிச் சிரித்தாள். அவர் போனை நிமிர்த்தினார். நுர்ஸாதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். விசைப்பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் இன்னொரு வரியையும் சேர்த்து, மைக்கை வாங்கிப் போனருகே பிடித்தார்.

"பேட்டரி நெறைய இருக்கு சம்பந்தி. கேக்குற காதுதான் கொறைச்சலா இருக்கு. ஒங்க வீட்டுல பொண்ணு பேசுறதக் கேக்க யாராவது இருக்காங்களா, இல்ல அவளுக்கும் ஒரு போன் வாங்கிக் குடுத்து அனுப்பணுமா?"

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. பெரியப்பா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அமர்த்திய ஆளுக்கு வேலையே இல்லை. கேள்வி வர வர பதில் போனது. முந்தைய சிரிப்பு அடங்கும் முன்பே அடுத்தது வந்தது. புருல் எஜே மேசை விரிப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி வீட்டுல என் காது போச்சு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்.

சாப்பாட்டுக்கு நடுவில் ஷெர்காசி ஆகே மைக்கை நுர்ஸாதாவிடம் அனுப்பினார். வாழ்த்துச் சொல்லாமல் அங்கிருந்து எவரும் எழுந்து போக முடியாது. நாலு பேர் முன்னால் பேசியே பழகாதவள் அவள். மைக்கோடு எழுந்து நின்றாள்.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றாள். "நான் செஞ்ச ஆப்பு... ஆப் சரியில்லன்னு நெறையப் பேரு சொல்லாமலே விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆகே மட்டும் போகல. திட்டுனாரு. பஜாருக்கு இழுத்துட்டுப் போனாரு. பருப்பு மூட்டையும் தூக்க வெச்சாரு. அவரு பொறுமையா இருந்ததாலதான் நான் செஞ்சது ஒரு மனுஷனுக்கு ஒதவுது. அய்பேரி, உங்க அப்பாவுக்கு நான் நன்றி சொல்லணும். நீ போற வீட்டுலயும் யாராவது ஒன்னைய விட்டுட்டுப் போகாம, நின்னு சண்டை போடட்டும். அதான் என் வாழ்த்து."

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும். ஷெர்காசி ஆகே போனை மேசையில் வைத்துவிட்டார். எழுந்து வந்து, அவள் தலையில் கை வைத்து நெற்றியில் முத்தமிட்டார்.

கிளம்பும்போது புருல் எஜே வாசல் வரை வந்து ஒரு பையைக் கையில் திணித்தார். ஆட்டுக்கறி, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, இனிப்பு, ஒரு பிடி வாதுமைப் பருப்பு.

"அம்மாவுக்குக் குடு. ஒன்னோட வேலை பாக்குற அந்தப் பையனுக்கும் குடு. இந்த மனுஷன் ஒரு வருஷமா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு மகளே. நான் வேற ஒண்ணும் சொல்லல."

திரும்பும் வேனில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயல்களின் மேல் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. நுர்ஸாதா பையை மடியில் வைத்துக்கொண்டாள். கறி சூடாகவே இருந்தது. அந்தச் சூடு மேல்கோட்டைத் தாண்டி முழங்காலில் இறங்கியது. பிஷ்கேக் வரும் வரை அவள் பையைக் கீழே வைக்கவில்லை.